அறியாமைக்குக் கிடைக்கும் லாபம்

நார்வே உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் வழங்கிய ஒரு தீர்ப்பு நம் ஊடகங்களில் அதிகம் பேசப்படவில்லை. கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்ற சிறிய, அழகிய நாய் இனத்தை இப்போதுள்ள முறையில் தொடர்ந்து இனப்பெருக்கம் செய்வது அந்நாட்டின் விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்பதே தீர்ப்பின் சாரம். விலங்கு நல அமைப்பு ஒன்று தொடுத்த இந்த வழக்கில், 2022 ஜனவரியில் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம் இங்கிலீஷ் புல்டாக் இனத்தையும் சேர்த்தே இவ்வாறு கூறியிருந்தது. மேல்முறையீட்டில் புல்டாக் தப்பியது, கவாலியர் தப்பவில்லை.

இந்த இனத்தை வாட்டும் நோய்கள் முதன்மையாக இரண்டு. ஒன்று இதய வால்வு நோய். மற்றொன்று மண்டையோட்டில் தொடங்குகிறது. மூளையின் அளவுக்கு ஏற்ற இடம் மண்டையோட்டில் இல்லை. இடம் போதாத மூளையின் பின்பகுதி, மண்டையோடும் முதுகெலும்பும் சேரும் இடத்திலுள்ள துளையின் வழியே கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஓடவேண்டிய நீர் அங்கே தடைபடுகிறது. நாளடைவில் தண்டுவடத்துக்குள்ளேயே நீர் நிறைந்த குழிகள் உருவாகின்றன. இதற்குச் சிரிங்கோமைலியா என்று பெயர். மனிதர்களிடம் காணப்படும் இதையொத்த மூளைக் குறைபாட்டை 1891-இல் விவரித்தவர் ஹான்ஸ் கியாரி என்ற ஆஸ்திரிய நோயியல் வல்லுநர். நாய்களின் குறைபாட்டையும் அவர் பெயரைச் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள்.

பாதிக்கப்பட்ட நாய் நடந்துகொண்டே கழுத்தருகே காற்றில் காலால் சொறியும். கால் தோலைத் தொடாது. தூக்கினால் வீறிடும். கழுத்துப்பட்டை படுவதைக்கூடச் சில நாய்கள் தாங்குவதில்லை. வாயில்லா உயிரின் வலி என்பதால் இது தோல் அரிப்பாகவோ காது நோயாகவோ எளிதில் தவறாகக் கருதப்பட்டுவிடுகிறது.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தண்டுவடத்துக்குள் இருக்கும் நீர்க்குழியைக் காட்டாது. உயிருள்ள நாயில் அதை உறுதிசெய்ய எம்ஆர்ஐ ஸ்கேனே வழி. அடிப்படையில் மனிதர்களுக்குப் பயன்படும் அதே தொழில்நுட்பம்தான். ஆனால், அசையாமல் படுத்திரு என்று நாயிடம் சொல்ல முடியாது. முழு மயக்கம் கொடுக்க வேண்டும். மயக்கத்தைக் கண்காணிக்க ஒருவர், படத்தைப் படித்துப் பொருள்கூற நரம்பியல் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர், விலையுயர்ந்த கருவி என எல்லாம் சேரும்போது பிரிட்டனில் ஒரு நோயறிதலுக்கான செலவு சில ஆயிரம் பவுண்டுகளைத் தொடுகிறது.

இவ்வளவு செலவு எப்போது நியாயம்? ஒரு தகவலின் மதிப்பு, அது நம் முடிவை மாற்றுமா என்பதைப் பொருத்தது என்பது பொருளியலின் பால பாடம். கால்நடை மருத்துவர்களும் ஏறத்தாழ இதே அளவுகோலைத்தான் கையாளுகிறார்கள். நாய்களின் வலிப்பு நோய் குறித்து 2015-இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட பரிந்துரைகள் இதற்கு நல்ல சான்று. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் முதல் வலிப்பு வந்து, ஒரு நாளேனும் இடைவெளிவிட்டு அது மீண்டும் வந்து, உடல் பரிசோதனையிலும் ரத்தப் பரிசோதனையிலும் குறை எதுவும் தென்படாவிட்டால், அதைக் காரணம் புலப்படாத வலிப்பு என்று முதல்நிலையில் முடிவு செய்யலாம். எம்ஆர்ஐ அந்த முடிவின் உறுதியை அடுத்த நிலைக்கு உயர்த்தும். பெரும்பாலும் படம் இயல்பாகவே இருக்கும். அதே வலிப்பு பத்து வயது நாய்க்கு முதன்முறையாக வந்தால் கதை வேறு. அங்கே மூளைக் கட்டி இருக்கக்கூடும்; படம் சிகிச்சையையே மாற்றிவிடும். எல்லா நாய்க்கும் ஸ்கேன் என்பதும், நாய்க்கு எதற்கு ஸ்கேன் என்பதும் ஒரே அளவு சிந்தனையற்ற வாதங்கள்.

கவாலியர் விஷயத்தில் ஸ்கேனின் மதிப்பு நோயுற்ற நாயோடு முடிவதில்லை. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய்க்குறி ஏதுமில்லை என்று உரிமையாளர்கள் கூறிய 555 கவாலியர்களுக்கு எம்ஆர்ஐ எடுக்கப்பட்டது. ஒரு வயது நாய்களில் 25 சதவீதத்துக்கும், ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவற்றில் 70 சதவீதத்துக்கும் தண்டுவடத்தில் நீர்க்குழி இருந்தது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு பெற்றோரையும் குட்டிகளையும் ஒப்பிட்டது. தாயும் தந்தையும் ஸ்கேனில் நோயற்றவையாக இருந்தால் அவற்றின் வாரிசுகளில் 70 சதவீதம் நோயின்றி இருந்தன. இரண்டுக்கும் நோய் இருந்தால் 92 சதவீத வாரிசுகளுக்கு நோய் இருந்தது. அதாவது, எந்த நாயை இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை அந்தப் படம் ஓரளவுக்குச் சொல்லிவிடுகிறது.

கருவி இருக்கிறது; ஆதாரம் இருக்கிறது. பிரிட்டன் கால்நடை மருத்துவர் சங்கமும் அந்நாட்டின் கென்னல் கிளப்பும் இணைந்து, இனப்பெருக்க நாய்களின் ஸ்கேன் படங்களை நரம்பியல் நிபுணர்களைக் கொண்டு தரம்பிரிக்கும் திட்டத்தை 2012-லேயே தொடங்கிவிட்டன. ஆனால் அது கட்டாயமில்லை. அத்திட்டத்துக்கு வந்த நாய்கள் ஆண்டுதோறும் பதிவாகும் கவாலியர்களில் மிகச் சிறிய பங்கே. ஏன்?

வளர்ப்பாளர்கள் இரக்கமற்றவர்கள் என்று கூறிவிடுவது எளிது. அவர்களில் பலர் தங்கள் நாய்களை உயிராக நேசிப்பவர்கள். நான் காரணத்தைத் தேடுவது வேறிடத்தில். ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பல ஆண்டுகள் முதுகலை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க வழிவகுத்த கட்டுரை அது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல காருக்கு நல்ல விலை கிடைக்காமல், அது சந்தையைவிட்டே விலகும் என்பது அவரது வாதம். நாய்க்குட்டிச் சந்தை இதைவிட ஒருபடி மோசமானது. இங்கே குறை விற்பவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் பணம் செலவழிக்க வேண்டும். தெரிந்துகொண்டால், திட்ட விதிப்படி முடிவு பொதுவெளியில் வெளியாகும். நல்ல விலைபோகும் தன் நாயை ஒதுக்கிவைக்க நேரும். ஸ்கேன் எடுக்காத பக்கத்து வளர்ப்பாளரோ அதே விலைக்குக் குட்டியை விற்பார். அறிவுக்கு அபராதமும் அறியாமைக்கு லாபமும் தரும் சந்தையில் நல்லெண்ணம் எத்தனை காலம் தாங்கும்?

காலக்கணக்கும் எதிராகவே நிற்கிறது. குட்டி எட்டு வாரத்தில் விற்கப்படுகிறது. நோய் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படலாம். ஒன்றரை வயதில் நோயற்றதாகத் தெரிந்த நாய் ஐந்து வயதில் அப்படி இருக்கும் என்ற உறுதியில்லை. ஆகவேதான் ஸ்கேன் முடிவோடு நாயின் வயதையும் எழுத்தால் குறிக்கிறார்கள். நம்பகமான முடிவு கிடைக்கும்போது தாய் நாய் பல ஈற்றுகளை ஈன்று முடித்திருக்கும்.

இந்த இனம் உருவான கதையே ஊக்கத்தொகையின் ஆற்றலுக்குச் சான்று. 1920-களில் தட்டை மூக்குள்ள சிறு ஸ்பேனியல்களே நாகரிகமாகக் கருதப்பட்டன. பழைய ஓவியங்களில் காணப்படும் நீண்ட மூக்கு ஸ்பேனியலைத் தேடிவந்து ஏமாந்த ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், அத்தகைய நாய்களுக்கு கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் 25 பவுண்டு பரிசு என 1926-இல் அறிவித்தார். அந்தப் பரிசை முன்வைத்து வளர்க்கப்பட்ட ஒருசில நாய்களின் வழிவந்தவையே இன்றைய கவாலியர்கள்; 1945-இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றன. இருபத்தைந்து பவுண்டு ஒரு முகத்தை மாற்றியது. அந்தப் பரிசு முகத்துக்கு மட்டுமே தரப்பட்டது. மண்டையோட்டின் உட்புறத்தை அன்று எவராலும் பார்க்க முடியாது. இன்று பார்க்க முடிகிறது. பரிசு இன்னமும் முகத்துக்கே. 2008-இல் பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம் இதை அம்பலப்படுத்தி, மறு ஆண்டு முதல் கிரஃப்ட்ஸ் ஒளிபரப்பையே அந்நிறுவனம் கைவிடும் அளவுக்குப் புயல் எழுந்தது. புயல் ஓய்ந்த பின் பிறந்ததுதான் மேற்சொன்ன விருப்பத் திட்டம்.

கட்டாயமாக்கினால் பலன் கிடைக்குமா? இதே இனத்தின் இதய நோயில் டென்மார்க் அதைச் செய்து பார்த்தது. இதயப் பரிசோதனையில் தேறிய கவாலியர்களை மட்டுமே இனப்பெருக்கத்துக்கு அனுமதிக்கும் ஏற்பாடு அங்கு 2002 முதல் நடைமுறைக்கு வந்தது. எட்டு முதல் பத்து ஆண்டுகளில், அனுமதி பெற்ற பெற்றோரின் வாரிசுகளிடையே வால்வு நோய்க்கான அபாயம் 73 சதவீதம் குறைந்ததாக 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அனுமதி பெறாத பெற்றோரின் வாரிசுகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இதயத்தைச் சோதிக்க ஸ்டெதாஸ்கோப்பும் எக்கோவும் போதும். மயக்க மருந்து வேண்டாம். மூளைக்கு எம்ஆர்ஐ வேண்டும். வேறுபாடு பெரிதும் செலவில்தான் இருக்கிறது.

அந்தச் செலவு குறையும் அறிகுறியும் இல்லை. பிரிட்டனில் 2013-இல் சுமார் 10 சதவீத கால்நடை மருத்துவமனைகளே பெருநிறுவனக் குழுமங்களிடம் இருந்தன. பத்தாண்டுகளில் அது 60 சதவீதத்தை நெருங்கியது. 2016-க்கும் 2023-க்கும் இடையே கால்நடை மருத்துவக் கட்டணம் சராசரியாக 63 சதவீதம் உயர்ந்ததாக அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் கண்டறிந்துள்ளது. முதல் ஆலோசனை தரும் மருத்துவமனையும், அது ஸ்கேனுக்குப் பரிந்துரைக்கும் சிறப்பு மையமும் ஒரே குழுமத்துக்குச் சொந்தமாக இருப்பது ஆணையத்தின் கவலைகளில் ஒன்று. நோயுற்ற நாயின் உரிமையாளர் பேரம் பேசும் நிலையில் இருப்பதில்லை.

ஆகவே, இனப்பெருக்க நாய்க்கான ஸ்கேன் செலவைத் தனி வளர்ப்பாளரின் தலையில் சுமத்துவது என் பார்வையில் தவறான ஏற்பாடு. அந்தத் தகவலால் பயன்பெறுவோர் பலர்: குட்டியை வாங்குபவர், அதன் சிகிச்சைக்குப் பணம் தரும் காப்பீட்டு நிறுவனம், வம்சாவளிச் சான்றிதழுக்குக் கட்டணம் பெறும் கென்னல் கிளப். ஸ்கேன் இல்லாத பெற்றோரின் குட்டிக்குப் பதிவு இல்லை என்று கிளப் அறிவித்து, பதிவுக் கட்டணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு ஸ்கேன் நிதி ஒன்றை ஏற்படுத்தினால், இந்தச் சந்தையின் கணக்கே மாறிவிடும். நேர்மையான வளர்ப்பாளர் அபராதம் கட்டத் தேவையிராது.

ஆனால், ஸ்கேன் மட்டுமே போதும் என்றும் நான் வாதிடவில்லை. ஆறு வயதில் பத்தில் ஏழு நாய்களுக்கு நோய் இருக்கும் இனத்தில், நோயுள்ள அனைத்தையும் ஒதுக்கினால் மிஞ்சும் நாய்கள் மிகச் சில. அவற்றுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் இணை சேர்த்தால் வேறு மரபுக் கோளாறுகள் தலைதூக்கும். நார்வே வழக்கில் மாவட்ட நீதிமன்றமே அறிவியல் அடிப்படையிலான கலப்பினப் பெருக்கத்தை ஒரு வழியாகச் சுட்டியது. இனத்தூய்மையைப் புனிதமாகக் கருதும் கிளப்புகளுக்கு இது கசக்கும். கலப்பின் விளைவாகக் கிடைக்கும் மண்டையோடு உண்மையிலேயே மேம்பட்டதா என்பதை அறியவும் எம்ஆர்ஐ வேண்டியிருக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி, பதினெட்டு மாதம் நிறைந்த, நலமானது என்று கால்நடை மருத்துவர் சான்றளித்த நாயையே இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தலாம். நல்ல விதிதான். ஆனால், அந்த வயதில் கண்ணால் பார்த்துத் தரப்படும் சான்றிதழ் மண்டையோட்டுக்குள் இருப்பதைப் பற்றி எதுவும் கூறாது. எம்ஆர்ஐயைக் கட்டாயமாக்கும் நிலையில் நாம் இன்று இல்லை. எட்டும் தொலைவில் இருப்பது வேறொன்று. நமது ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுவது ஊரறிந்த செய்தி. வெள்ளை நிறத்தோடு தொடர்புடைய மரபுக்குறை அது. ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின் அதிர்வைப் பதிவுசெய்யும் சோதனை மூலம் ஆறு வாரக் குட்டியிடமே இதைக் கண்டுபிடித்துவிடலாம். மூளை ஸ்கேனைப் போல் இந்தத் தகவல் காலம் கடந்து வருவதில்லை. விற்பனைக்கு முன்பே கிடைத்துவிடுகிறது. அச்சோதனையின் முடிவை விற்பனைச் சான்றிலேயே எழுத வேண்டும் என்று விதியைத் திருத்தப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு வெளியிடும் ஓர் அறிவிக்கை போதும்.