கடைசிப் பந்தி

தர்மம் செய்வது அவ்வளவு கடினமான காரியமன்று. வாசலில் நிற்பவனுக்கு ஒரு பிடி அரிசி போட்டுவிட்டு உள்ளே திரும்பிவிடலாம். அவனை உள்ளே அழைத்து, நமக்குச் சமமாக உட்கார வைத்து, நம் இலையில் விழுவதையே அவன் இலையிலும் பரிமாறுவதுதான் கடினம். ஆதிக் கிறிஸ்தவர்கள் தடுக்கி விழுந்த இடங்களில் இந்தப் பந்தியும் ஒன்று.

கிரேக்க தேசத்தில் கொரிந்து என்று ஒரு பட்டணம். இருபுறமும் இரண்டு துறைமுகங்கள். வியாபாரம் செழித்த ஊர். கி.பி. 50-ஆம் ஆண்டையொட்டி அங்கே பவுல் அப்போஸ்தலர் ஒரு சிறு சபையை நிறுவினார். வீடு வாசல் படைத்தவர்களும் அதில் இருந்தார்கள். ஏழைகளும் அடிமைகளும் இருந்தார்கள். தனியாகக் கோயில் ஏது? அன்பர் ஒருவர் வீட்டில் கூடி, இயேசுவின் நினைவாக எல்லாரும் சேர்ந்து உண்பது வழக்கம்.

நடந்தது என்ன? வசதியுள்ளவர்கள் மற்றவர்களுக்குக் காத்திராமல் தங்கள் உணவைத் தாங்களே உண்டு முடித்தார்கள். ஒருவருக்குப் பசி, இன்னொருவருக்கு மது மயக்கம்! ரோம சாம்ராஜ்யத்தில் இது அதிசயமன்று. ஒரே விருந்தில் அந்தஸ்துக்குத் தக்கபடி மூன்று தர மது வழங்கிய ஒரு வீட்டைப் பற்றி, சில பத்தாண்டுகளுக்குப் பின் இளைய பிளினி என்ற ரோமானியப் பிரபு வெறுப்புடன் எழுதியிருக்கிறார்.

செய்தி எபேசு நகரில் இருந்த பவுலுக்கு எட்டியது. ஏறக்குறைய கி.பி. 54-இல் அவர் எழுதிய நிருபத்தில் கோபம் கொதிக்கிறது. இல்லாதவர்களை வெட்கப்படுத்திவிட்டு உண்பது ஆண்டவருடைய விருந்தே ஆகாது என்கிறார். அவர் கூறிய பரிகாரம் மிக எளியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும்.

அதே நிருபத்தில் சரீரத்தையும் அவயவங்களையும் உவமை காட்டுகிறார். உவமை பழையதுதான். கி.மு. 494-இல் பிரபுக்களோடு பிணங்கி ரோமாபுரியைவிட்டு வெளியேறிய பாமர ஜனங்களுக்கு, வயிற்றைப் பட்டினி போட்டுத் தாங்களே மெலிந்துபோன அவயவங்களின் கதையைச் சொல்லிச் சமாதானம் செய்ததாகச் சரித்திராசிரியர் லிவி கூறுகிறார். வயிறு என்பது பிரபுக்கள். அதற்கு உழைப்பதே மற்றவர்களுக்கு க்ஷேமம் என்பது கருத்து. பவுலோ கதையைத் தலைகீழாகத் திருப்பினார். பலவீனமாகத் தோன்றும் அவயவமே இன்றியமையாதது. அதற்கே அதிக மரியாதை. ஒன்று துன்புற்றால் எல்லாம் துன்புறும்.

பவுல் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லை. பசி பொறுக்காதவர் வீட்டிலேயே உண்டு வரட்டும் என்று தனவந்தருக்கு வழியும் விட்டார். ஆயினும் அந்தக் கண்டிப்பில் இருந்த எண்ணம் மறைந்துவிடவில்லை. ஏறக்குறைய கி.பி. 155-இல் ரோமாபுரியில் ஜஸ்டின் என்பவர் எழுதியதைப் பாருங்கள். ஞாயிறுதோறும் கூடியவர்கள் அப்பத்தையும் ரசத்தையும் பகிர்ந்துகொண்டார்கள். வர இயலாதவர்களுக்கு அவர்கள் பங்கு வீடு தேடிச் சென்றது. வசதியுள்ளோர் மனமுவந்து அளித்த பொருள் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அயலூரார் ஆகியோருக்குச் செலவாயிற்று.

தர்மத்துக்குப் பணம் போதும். சகோதரத்துவத்துக்கோ சற்று நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்க வேண்டும். அடுத்த முறை உங்கள் வீட்டில் விருந்து நடக்கும்போது, கடைசிப் பந்தியில் அமர்பவர் யார், அவருக்கு எஞ்சியிருப்பது என்ன என்று ஒரு தடவை எட்டிப் பாருங்களேன்!