பிரிட்ஜுக்குள் பீர் பீப்பாயா? மாவுப் பாத்திரம் எங்கே போகும்?

பெங்களூர் போய் வந்தவர்களுக்கு ஒரு புது ஆசை பிடித்திருக்கிறது. அங்கே பப்களில் குழாயைத் திருப்பினால் நுரை பொங்க டிராப்ட் பீர் கொட்டுகிறது. "இதை நம்ம வீட்டிலேயே வச்சுக்கிட்டா என்ன?" என்று கிளம்பிவிடுகிறார்கள். பெங்களூர் ரோடு செம்பரம்பாக்கம் வழியாகத்தானே வருகிறது! ஆசையும் இங்கேயே இறங்கிக்கொள்கிறது.

ஆசை இருக்கட்டும். இடம் இருக்கிறதா?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. ஏரிக்கரை வீட்டில் இருக்கும் ஒற்றைக் கதவு பிரிட்ஜின் உயரமோ நாலு அடிதான். கொள்ளளவு 180 லிட்டர் சொச்சம். அதற்குள் இட்லி மாவு, பால், தயிர், நேற்று வைத்த குழம்பு, மல்லிப்பூ எல்லாம் இருந்தாக வேண்டும். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் இன்சுலினும் அங்கேதான்.

டிராப்ட் பீருக்கு வழக்கமாக வைப்பது 19 லிட்டர் எவர்சில்வர் பீப்பாய். இரண்டு அடி உயரம், முக்கால் அடி அகலம். நிரப்பினால் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். தட்டுகளைக் கழற்றினால்தான் உள்ளே நிற்கும். காய்கறி டிரேயும் போச்சு! பின்பக்கம் கம்ப்ரசர் மேடு வேறு இடிக்கும். போதாததற்கு கரியமில வாயு சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப்.

ஆக, மாவுப் பாத்திரம் வெளியே! சித்திரை வெயிலில் அது மத்தியானத்துக்குள் பொங்கி வழியும். மாவையாவது மறுபடி அரைக்கலாம். தாத்தாவின் இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. அதை எங்கே வைப்பார்களாம்?

"சிலிண்டரை வெளியே வச்சுட்டு டியூபை மட்டும் உள்ளே விடலாம்" என்று டிரில்லிங் மெஷினைத் தூக்குகிற கெட்டிக்காரர்களும் உண்டு. பிரிட்ஜின் பக்கச் சுவருக்குள் கேஸ் ஓடும் குழாய் இருக்கும். இப்போது வரும் பல பிரிட்ஜுகளில் ஓடுவது ஆர்-600ஏ என்ற, தீப்பற்றக்கூடிய வாயு. ஓட்டை அங்கே விழுந்தால் பீரும் இல்லை, பிரிட்ஜும் இல்லை. கதவில் துளை போடுவது ஆபத்துக் குறைவு. ஆனால் அந்தக் கதவுக்கு மனைவி சம்மதிக்க வேண்டும்!

சிலிண்டர் விஷயம் இன்னும் மோசம். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வாசனை காட்டாது, தரையோடு தங்கும். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாய் விரித்துப் படுக்கும் பிள்ளைகளின் மூக்கு இருப்பதும் அந்த உயரத்தில்தான்.

கரண்ட் போனால்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் புறநகரில் பல வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. சூடேறிய பீப்பாயிலிருந்து வருவது வெறும் நுரைதான்.

இத்தனையும் சமாளித்தாலும், பீப்பாயில் எதை ஊற்றுவது? 2003-லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். அங்கே கிடைப்பது பாட்டிலும் டின்னும்தான். சரி, நாமே காய்ச்சலாம் என்றால் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. லைசென்ஸ் இல்லாமல் தயாரிப்பது குற்றம். "எனக்குக் குடிக்கத்தான் சார் காய்ச்சினேன்" என்பதெல்லாம் ஸ்டேஷனில் எடுபடாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 19 லிட்டர் என்றால் 650 மில்லி பாட்டிலில் 29. கெடாமல் இருக்கச் சூடேற்றிப் பதப்படுத்தாத பீர் என்றால் சில வாரத்தில் தீர்த்தாக வேண்டும். கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்குகிறவருக்கு அதோடு கணக்கு முடிந்தது. குழாய் வீட்டிலேயே இருந்தால் யார் எண்ணப் போகிறார்கள்?

குழாய் வைத்தே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்கள் 5 லிட்டர் பீப்பாய் வாங்கட்டும். தூக்குவாளி வைக்கிற இடம் போதும். குடிதண்ணீரை ஊற்றி, சிலிண்டரைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து கேஸ் ஏற்றினால் சோடா ரெடி. எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டால் வீட்டில் எல்லோரும் குடிக்கலாம். போலீசும் வராது, மாவுப் பாத்திரத்தையும் நகர்த்த வேண்டாம்.