பெரிய எஞ்சினா, சரியான புரொப்பெல்லரா?

ஜேடர்பாளையத்தில் காவிரி இருக்கிறது. தடுப்பணை இருக்கிறது, படகுச் சவாரியும் இருக்கிறது. கடல்தான் இல்லை. ஆகவே ஒரு சின்னப் பாய்மரப் படகின் டீசல் எஞ்சினுக்கு எந்தப் புரொப்பெல்லர் பொருந்தும் என்ற கேள்வி இந்த ஊருக்குச் சம்பந்தமில்லாதது என்று பலருக்கும் தோன்றலாம். உண்மையில் இதைச் சட்டென்று புரிந்துகொள்ளக் கூடியவர்கள் நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள்தான். காரணம், லாரி!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் டாப் கியரிலேயே ஏற முயன்றால் என்ன ஆகும்? எஞ்சின் திணறும், கரும்புகை கக்கும், கடைசியில் நின்றுவிடும். சமதரையில் முதல் கியரிலேயே போனால்? எஞ்சின் அலறும், வண்டி ஊரும். டிரைவர் கியரை மாற்றிச் சமாளித்துவிடுகிறார். சாதாரணப் படகில் அந்த வசதி கிடையாது. முன்னே, பின்னே, நியூட்ரல், அவ்வளவுதான். புரொப்பெல்லர்தான் படகின் ஒரே கியர். அதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் காலம் முழுக்கத் தப்பான கியரில்தான் ஓட்டவேண்டும்.

ஒரு புரொப்பெல்லர் மீது 16 x 11 என்று எழுதியிருந்தால், முதல் எண் விட்டம், இரண்டாவது எண் பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் என்பது, மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு. தண்ணீர் மரம் அல்ல, வழுக்கும். பாய்மரப் படகில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வழுக்கலிலேயே போய்விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தண்ணீரைத் தொடும் நீளம் 25 அடி உள்ள படகு. 25-இன் வர்க்கமூலம் 5. அதை 1.34-ஆல் பெருக்கினால் 6.7 நாட். கனமான அடிப்பாகம் கொண்ட படகுக்கு ஏறக்குறைய இதுதான் உச்ச வேகம். அதற்கு மேல் படகு தானே எழுப்பிய அலை மீது ஏற வேண்டியிருக்கும். அங்கே 20 எச்.பி.க்குப் பதில் 40 எச்.பி. போட்டாலும் டீசல்தான் கரையும்.

சரி, 6 நாட் போதும் என்று வைத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்குச் சுமார் 608 அடி. எஞ்சின் 3000 சுற்று, கியர்பாக்ஸ் அதைப் பாதியாக்கினால் புரொப்பெல்லர் 1500 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5 அங்குலம் முன்னேற்றம். வழுக்கலுக்கு 45 சதவீதம் விட்டால் பிட்ச் சுமார் 9 அங்குலம். விட்டம்? இடம் கொள்ளும் வரை பெரிதாக, ஆனால் இதழ் நுனிக்கும் படகின் அடிப்பாகத்துக்கும் நடுவே விட்டத்தில் 10 முதல் 15 சதவீதம் இடைவெளி விட்டு. பெரிய புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றினால், சின்னது வேகமாகச் சுற்றுவதைவிட அதிகப் பலன் தரும்.

சரியாக அமைந்ததா என்று அறிய எளிய சோதனை உண்டு. வழக்கமான சுமையோடு முழு வேகம் கொடுங்கள். 3000 வர வேண்டிய எஞ்சின் 2500-லேயே மூச்சு வாங்கிக் கரும்புகை விட்டால் பிட்ச் அல்லது விட்டம் அதிகம். கொஞ்சம் கொடுத்ததுமே 3000-ஐத் தொட்டுவிட்டு, படகு மட்டும் சோம்பலாகப் போனால் பிட்ச் போதாது.

பாய்மரப் படகுக்கு இன்னொரு தலைவலி. காற்றில் போகும்போது சும்மா கிடக்கும் புரொப்பெல்லர் வெறும் தடை. ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் கடற்படையின் 'தாரிணி'யில் 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை உலகைச் சுற்றியது பாயின் பலத்தில்தான். அப்படிப்பட்ட நெடும்பயணத்துக்கு மடங்கும் புரொப்பெல்லர் செலவுக்குத் தகும். ஆனால் அதன் விலை அதிகம், பின்னோக்கி இழுக்கும் பலமும் பொதுவாகக் குறைவு. துறைமுகத்தில் திருப்பி நிறுத்துவதே பெரிய வேலையாக உள்ளவருக்கு நிலையான மூன்று இதழ்தான் நல்லது.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்குச் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. இதே கணிதம்தான் ராமேஸ்வரம், நாகப்பட்டினம் மீனவர்களின் வருமானத்தையும் தீர்மானிக்கிறது. 1979-இல் தொடங்கி சென்னையிலிருந்து இயங்கிய உலக உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், சிறு டீசல் எஞ்சினோடு அலை உடையும் கரையில் இறங்கும் படகுகளை உருவாக்கியது. கரையில் முட்டாமல் புரொப்பெல்லரைத் தூக்கிவிடும் ஏற்பாடு அதில் உண்டு. சிறு படகுகளில் எரிபொருளை மிச்சம் பிடிப்பது பற்றி அத்திட்டம் கையேடும் வெளியிட்டது. வேகத்தைக் கொஞ்சம் குறை, பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்று என்பதுதான் சாரம்.

ஆனாலும் பெருமையெல்லாம் எச்.பி.க்குத்தான். அரசு எஞ்சினுக்கு மானியம் கொடுக்கிறது, டீசலுக்கு வரிவிலக்கு கொடுக்கிறது. இவை தவறில்லை. ஆனால் பொருந்தாத புரொப்பெல்லரோடு ஓடும் படகுக்குக் கொடுக்கும் சலுகையில் ஒரு பகுதி புகையாகத்தான் போகும். ஒரு டாக்கோமீட்டர், ஒரு மணி நேரக் கடலோட்டம், ஒரு தாளில் கணக்கு. இந்தச் சோதனையையும் மானியத்தோடு சேர்த்தால் செலவு பெரிதாகாது. கடற்கரை மாவட்டங்களின் மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இதைவிட உருப்படியான ப்ராஜெக்ட் கிடைப்பதும் கஷ்டம்.

எஞ்சின் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் எத்தனை எச்.பி. என்று கேட்பதற்கு முன் கியர்பாக்ஸ் விகிதத்தைக் கேட்கட்டும். படகின் நீளத்தையும் எடையையும் சொல்லி, எந்த விட்டம், எந்தப் பிட்ச் என்று எழுதியே வாங்கிக்கொள்ளட்டும்.