கோப்பை இல்லாத ஒரு சனிக்கிழமை



2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின் புண்ணியத்தில் இன்று பல பள்ளிகளில் ரோபோ செய்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அதை வெளியாள் முன்னால் முதலில் ஓட்டிப் பார்ப்பதே மதுரையிலோ சென்னையிலோ போட்டியன்றுதான். வகுப்பறை வெளிச்சத்தில் கறுப்புக் கோட்டை ஒழுங்காகப் பிடித்த சென்சார், அரங்கத்து விளக்கடியில் தடுமாறும். பேட்டரி இறங்கினால் திரும்பும் அளவே மாறிவிடும். ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற ரோபோ போட்டியில் ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம். அங்கே நின்று யோசிக்க நேரம் ஏது?

எனவே போட்டிக்கு முன்பே அருப்புக்கோட்டைப் பள்ளிகள் முறைவைத்து, ஒரு சனிக்கிழமை நட்புமுறைப் பயிற்சி ஆட்டம் நடத்தலாம். பழைய ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பக்கத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் களம் தயார். கோப்பை வேண்டாம். சிறப்பு விருந்தினர் வேண்டவே வேண்டாம். அவர் வந்து சேரும்வரை பேட்டரி தாங்காது. ஒரு பள்ளியின் ஓட்டத்துக்கு இன்னொரு பள்ளிப் பிள்ளைகளே மதிப்பெண் போடட்டும். விதிமுறை அப்போதுதான் மனதில் பதியும். மாதாந்திர மின்தடை நாளைத் தவிர்த்து, நரிக்குடி, திருச்சுழிப் பிள்ளைகள் பொழுதோடு பஸ் பிடிக்கும்படி முடிக்க வேண்டும்.

மதிய இடைவேளையில் பக்கத்து விசைத்தறிக் கூடத்துக்கும் கூட்டிப்போகலாம். ரோபோவைப் போலவே, ஊடை நூல் அறுந்ததும் தறி தானாக உணர்ந்து நிற்பது எப்படி என்று அங்கே கேட்கட்டும்.

— ஓர் ஆசிரியர், திருச்சுழி