குடிமை கிடைத்தும் கரையில் நிற்போர்

நம் முன்னோர் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து தங்கவயலுக்கு வந்த காலத்தில் மைசூர் வேறோர் அரசாக இருந்தது. எனினும் பூதிகோட்டைப் பக்கம் நடந்து வந்தவரை நிறுத்திக் கடவுச்சீட்டு எங்கே என்று எவரும் கேட்டதில்லை. அந்த நற்பேறு பெற்ற வழியில் வந்த நாம், அது வாய்க்காதவர்களைப் பற்றிச் சற்றே உரக்கப் பேசக் கடமைப்பட்டுள்ளோம்.

இலங்கைக்குக் கூலிகளை ஏற்றுமதி செய்த மண்டபம் முகாம் பின்னாளில் அங்கிருந்து ஓடி வந்தோர்க்கு அடைக்கலமாயிற்று. அவ்வாறு வந்த பெற்றோர்க்கு 1986இல் அங்கே ஒரு பெண் பிறந்தாள். 1950 சனவரி 26க்கும் 1987 சூலை 1க்கும் இடையே இம்மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிகள் என்பது நம் குடியுரிமைச் சட்டம். ஆயினும் அவளுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆணையிட்ட பின்னரே வழி பிறந்தது. அதுவரை அவள் யார்? சட்டத்தின்படி குடிமகள், கடல் தாண்ட முயன்றால் எவருமல்லள்.

நம் கருநாடகத்துப் பைலக்குப்பைத் திபெத்தியர் நிலை இதனினும் விந்தையானது. குடிமையற்றோராய் இருந்தவரை அவர்களிடம் அடையாளச் சான்று என்னும் ஏடு இருந்தது. அதனைக் கொண்டு அயல்நாடு சென்று வந்தனர். இங்கே பிறந்தோர் குடிகளே என 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017இல் அயலுறவு அமைச்சகமோ, கடவுச்சீட்டு வேண்டுவோர் முதலில் அந்த ஏட்டை ஒப்படைக்க வேண்டும் என்றது. பழையதைக் கொடுத்தாயிற்று, புதியது வரவில்லை. அந்த இடைவெளியில் அயல்நாட்டில் தாய் இறந்தால் மகன் என் செய்வான்? நாடற்றவனாய் இருந்தபோது போகக் கூடியவன், நாடு கிடைத்ததும் போக முடியாதவன் ஆகிறான்!

1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, சீட்டோ பயண ஆவணமோ இன்றி எவரும் நாட்டைவிட்டு வெளியேறலாகாது என்கிறது. நான்காம் பிரிவு அவசரச் சான்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. அது இந்தியாவுக்குள் நுழைவதற்கு, வெளியே செல்வதற்கன்று. பிறநாட்டுக் குடிமையை விட்டு இந்தியரானவர்க்கும் இதே முட்டுக்கட்டைதான். இரட்டைக் குடிமையை நாம் ஏற்பதில்லையாதலின் பழைய சீட்டையும் அவர் எடுத்து நீட்ட இயலாது.

"தலைமுறையாய்க் காத்திருந்தவர் சில மாதம் காத்திருக்கக் கூடாதா?" என்பார் உளர். கோப்புகளோடு காலந்தள்ளும் நாம் அந்தச் 'சில மாதத்தின்' நீளத்தை நன்கறிவோம். காவல்துறை விசாரணை வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. குடிமை வழங்குமுன் அரசு விசாரித்ததே, அதனையே மீண்டும் முதலிலிருந்து விசாரிப்பானேன் என்றுதான் கேட்கிறோம். அயல்நாடு செல்லும் உரிமை தனிமனித விடுதலையின் கூறு என உச்சநீதிமன்றம் 1967இலும், மேனகா காந்தி வழக்கில் 1978இலும் அறுதியிட்டது. அவ்வுரிமை சீட்டு அச்சாகும் நாளில்தான் பிறக்கிறதா?

குடிமைச் சான்று தரும் அலுவலகமே கடவுச்சீட்டு விண்ணப்பத்தையும் அன்றே பெறட்டும். புதிய சீட்டு கைக்கு வரும் நாள்வரை திபெத்தியரின் பழைய ஏடு அவர்களிடமே இருக்கட்டும். மற்றையோர்க்குப் போகவும் திரும்பவும் செல்லுபடியாகும் தற்காலிகச் சீட்டொன்று வழங்கட்டும். நான்காம் பிரிவிலேயே, விதிக்கப்படும் பிற பயண ஆவணங்களுக்கும் இடம் உண்டு. புதுச் சட்டம் கூடத் தேவையில்லை. ஒரு விதி போதும்.