கணக்கு விளங்கேல்லையா, வசனம் விளங்கேல்லையா?

எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் தரம் 7, 8 பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறோம். நாங்கள் ஒருவரும் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் இல்லை. ஏ.எல். எழுதிவிட்டுக் கம்பஸுக்குக் காத்திருக்கிறவர்களும், வேலைக்குப் போய் வருகிறவர்களுமாக ஒரு நாலைந்து பேர். அவ்வளவுதான்.

அங்கே வருகிற ஒரு தங்கச்சி தரம் 8 படிக்கிறாள். அவளின் அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறா. எந்தக் கடைக்கு எத்தனை, யார் எவ்வளவு பாக்கி, நாளைக்கு எத்தனை கிலோ மா குழைக்க வேணும் எல்லாம் இவளின் தலைக்குள் இருக்கும். கல்குலேற்றர் தேவையில்லை. அதே பிள்ளை பாடப்புத்தகத்தில் நாலு வரிக் கணக்கு ஒன்றைக் கண்டால் பேனையை வைத்துவிடுவாள். "அண்ணா, எனக்கு வசனக் கணக்கு ஓடாது." வீட்டிலும் வகுப்பிலும் அவளுக்கு ஏற்கெனவே பேர் வைத்தாயிற்று: கணக்கில் மொக்கு.

அந்தப் பேர் பிழை என்பதுதான் எங்கட கருத்து. அவளுக்குக் கணக்குத் தெரியும். கணக்கு எழுதப்பட்டிருக்கிற வசனத்தை வாசிக்க ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஏனென்றால் தொடக்கத்தில் நாங்களும் குறுக்கு வழிதான் காட்டினோம். டியூசனில் எங்களுக்குச் சொல்லித் தந்ததை அப்படியே கரும்பலகையில் எழுதினோம். 'மொத்தம்' என்றால் கூட்டு. 'மீதி' என்றால் கழி. 'அதிகம்' என்றால் கூட்டு. பிள்ளைகளும் சந்தோசமாகக் கொப்பியில் எழுதினார்கள். பிறகு இப்படி ஒரு கணக்குக் கொடுத்தோம்: "ராணியிடம் 240 ரூபா உண்டு. இது கண்ணனிடம் உள்ளதைவிட 60 ரூபா அதிகமாகும். கண்ணனிடம் உள்ள தொகை யாது?" முக்கால்வாசிப் பேர் 300 என்று எழுதியிருந்தார்கள். 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டார்கள், கூட்டினார்கள். யாரிடம் கூட இருக்கிறது, யாரிடம் குறைய இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. யோசிக்கத் தேவையில்லை என்று நாங்கள்தானே பட்டியல் போட்டுக் கொடுத்தோம்!

இது எங்கட நாட்டுப் பிள்ளைகளின் குறை மட்டும் இல்லை. 1983இல் வெளிவந்த அமெரிக்க தேசிய மதிப்பீடு ஒன்றில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். ஒரு பஸ்ஸில் 36 படைவீரர் போகலாம். 1128 பேரைக் கொண்டுபோக எத்தனை பஸ் வேணும்? நூற்றுக்கு 70 பேரளவில் பிழையில்லாமல் வகுத்தார்கள். ஆனால் 32 பஸ் என்று சரியான விடையை எழுதியவர்கள் 23 பேரளவில்தான். மற்றவர்களில் பலர் '31, மீதி 12' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சப் பன்னிரண்டு பேரும் றோட்டில் நிற்கிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. வகுக்கத் தெரிந்த பிள்ளைகள்தான். கணக்கு ஒரு கதையைச் சொல்கிறது என்பதுதான் மறந்துபோனது.

எங்கட பிள்ளைகளுக்கு இதற்கு மேல் இன்னொரு சுமையும் இருக்கிறது. பாடப்புத்தகத்தின் தமிழ் அவர்கள் வீட்டில் பேசுகிற தமிழ் இல்லை. வீட்டில் 'மிச்சம்', புத்தகத்தில் 'எஞ்சியது'. வீட்டில் 'ஆளுக்கு அஞ்சு', புத்தகத்தில் 'தலா 5'. 'முறையே', 'எனின்', 'யாது' என்பதெல்லாம் கணக்குக் கொப்பிக்கு வெளியே அவர்கள் காணாத சொற்கள். 'தலா' என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டோம். ஒருவன் "ஒரு ஆளின்ர பேர்" என்றான். எல்லாரும் சிரித்தோம். பிறகு யோசித்தால் சிரிக்கிற விசயமாகத் தெரியவில்லை. இவ்வளவு நாளும் அந்தச் சொல்லை அவன் எப்படித்தான் தாண்டிப் போனான்?

சொல்லை விடுங்கள், ஒரு உருபே விடையை மாற்றிவிடும். கரட் ஒரு கிலோ 500 ரூபா. "விலை 200 ரூபாவால் குறைந்தது" என்றால் இப்போது 300 ரூபா. "விலை 200 ரூபாவாகக் குறைந்தது" என்றால் 200 ரூபா. 'ஆல்', 'ஆக' இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழ்ப் பாடத்தில் வேற்றுமை என்று படிக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் அதை யாரும் தொடுவதில்லை.

இப்ப நாங்கள் என்ன செய்கிறோம்? பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முதலில் இலக்கங்களை மறைத்துவிட்டுக் கணக்கை வாசிக்கச் சொல்கிறோம். இலக்கம் கண்ணில் பட்டால் கை தானாகக் கூட்டத் தொடங்கிவிடும். இலக்கம் இல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் வேணும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அம்மாவுக்குச் சொல்கிற மாதிரி அந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறோம். "ராணியிட்ட காசு இருக்கு. கண்ணனிட்ட அதைவிடக் குறையத்தான் இருக்கு." இதைச் சொன்ன பிள்ளை 300 என்று எழுதாது.

அடுத்தது படம். சிங்கப்பூரில் 1980களிலிருந்து பள்ளிக்கூடங்களில் இதற்குச் செவ்வகப் பட்டைகள் வரையப் பழக்குகிறார்கள். நாங்களும் அதைத்தான் எடுத்துக்கொண்டோம். "ஒரு கயிற்றின் ஐந்தில் இரண்டு பங்கை வெட்டியபின் எஞ்சியது 18 மீற்றர் எனின், கயிற்றின் முழு நீளம் யாது?" ஒரு நீளப் பட்டை கீறி ஐந்து பெட்டியாகப் பிரி. இரண்டை வெட்டு. மிச்சம் மூன்று பெட்டி, 18 மீற்றர். ஒரு பெட்டி 6. ஐந்து பெட்டி 30. பின்னத்தைக் கண்டு பயந்த பிள்ளையும் பெட்டியை எண்ணும்.

கடைசியாக, வந்த விடையைத் திரும்பக் கதைக்குள் போட்டுப் பார்க்க வேணும். 30 மீற்றர்க் கயிற்றில் 12 மீற்றரை வெட்டினால் 18 மிஞ்சுமா? மிஞ்சும். அப்ப சரி.

"இப்படி ஆறுதலாகச் செய்துகொண்டிருந்தால் சிலபஸ் எப்ப முடியும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். முன்பு ஒரு மணித்தியாலத்தில் இருபது கணக்குச் செய்தோம், இப்ப ஐந்துதான். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை நிற்பாட்டிய பெற்றோரும் உண்டு. ஆனால் ஓ.எல். இல் கணிதம் கட்டாய பாடம். வட்டி, வரி, பங்கு என்று எல்லாமே அங்கே வசனமாகத்தான் வரும். தரம் 8இல் மிச்சம் பிடிக்கிற நேரத்தைத் தரம் 11இல் வட்டியோடு கட்ட வேண்டிவரும். பாடசாலை ஆசிரியர்களில் நாங்கள் குறை சொல்ல வரவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒவ்வொருத்தரும் கதை சொல்ல நேரம் எங்கே? அதனால்தான் இது அண்ணாமார், அக்காமார் செய்யக்கூடிய வேலை என்கிறோம். டிகிரி தேவையில்லை. பக்கத்தில் இருந்து, "இதில என்ன நடக்குது, சொல்லு" என்று கேட்கிற பொறுமை இருந்தால் போதும்.

இடியப்பத் தங்கச்சியின் தவணைப் பரீட்சைப் புள்ளி இன்னும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் பேனையைக் கீழே வைப்பதில்லை. போன கிழமை பிள்ளைகளையே கணக்கு எழுதச் சொன்னோம். அவள் எழுதியது இது: "நாலு கடைகளுக்குத் தலா 60 இடியப்பம் கொடுத்தோம். மொத்தமாக 35 திரும்பி வந்தது. ஒன்று 10 ரூபா எனின், கிடைத்த காசு எவ்வளவு?"

எங்களில் ஒருவன் அவசரத்தில் ஒவ்வொரு கடையிலும் 35 திரும்பி வந்ததாக நினைத்து 1000 ரூபா என்றான். சரியான விடை 2050. அவள் கொப்பியை அவன் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, இன்னொருக்கா வாசியுங்கோ."