ஆம்பளைக்கு ஒரு கொழும்பு வழிகாட்டி: எழுதியது யார், காசு யாருடையது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் வாசித்துவிட்டுத் திட்டுவதென்றால் திட்டுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கமெண்ட் போட வேண்டாம்.

நம் பையன்களின் போன்களில் இப்போது ஒரு வகை வீடியோ விடாமல் ஓடுகிறது. கொழும்புக்குப் போனால் ஆம்பளை எங்கே சேர்ட் வாங்க வேண்டும், எந்த மோலில் சப்பாத்து எடுக்க வேண்டும், எந்த மணிக்கூட்டைக் கட்டினால் மதிப்பு, எந்த ரெஸ்டூரன்டில் என்ன சாப்பிட வேண்டும், எந்த மொட்டைமாடி பாரில் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்று ஒருவர் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு போகிறார். கோட்டையில் 2011இல் கடைத்தொகுதியாகத் திறந்த பழைய டச்சு ஆஸ்பத்திரி வரும். 2019இல் திறந்த வன் கோல்பேஸ் வரும். கடைசியில், இதெல்லாம் தெரியாதவன் ஆம்பளையே இல்லை என்கிற மாதிரி ஒரு சிரிப்பும் வரும்.

திம்புள்ளயில் படிப்பிக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பத்தாம் ஆண்டு, பதினோராம் ஆண்டு வகுப்புகளில் காலியாகும் வாங்குகளை தினமும் பார்ப்பவர்கள் நாங்கள். தீபாவளிக்கு, பெருநாளுக்கு, வருடப் பிறப்புக்கு ஊருக்கு வரும் அண்ணன்மாரின் தலைமுடியையும் சப்பாத்தையும் போனையும் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் புத்தகப் பையை மூலையில் போட்டுவிட்டு பஸ் ஏறும் பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்ட நாட்கூலி 1,350 ரூபாவாக இருந்தது. மாதம் 20 பேர் விழுந்தால் 27,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 ரூபா கழியும். மிச்சம் 24,840. அதற்குப் பிறகுதான் சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கடைப் பற்று எல்லாம். மழைக்காலத்தில், கொழுந்து குறைந்த மாதத்தில், அந்த 20 பேரும் விழாது. இந்தக் காசில் அந்த வீடியோ சொல்லும் சப்பாத்து எத்தனை ஜோடி வரும்? ஒரு தாய் விடியக் காலையில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியில் மலை ஏறி, மாதம் முழுக்கப் பறித்த கொழுந்து ஒரு ஜோடி சப்பாத்துக்குள் போய்விடுகிறது.

அப்படியானால் அந்த வழிகாட்டி யாருக்காக? நமக்காக இல்லை. ஆனால் அது நம்மை வைத்துத்தான் ஓடுகிறது. அந்த ரெஸ்டூரன்டில் மேசை துடைப்பவன் தலவாக்கலைப் பையன். பின்னால் பாத்திரம் கழுவுபவன் லிந்துலைப் பையன். புறக்கோட்டையில் துணி மூட்டையைத் தோளில் ஏற்றுபவன் பத்தனைப் பையன். வீடியோவில் அவன் முகம் வராது. ஆனால் அதைப் பார்த்து முதலில் ஆசைப்படுபவன் அவன்தான். பகலில் அவன் உழைப்பை எடுத்துக்கொண்டு, இரவில் போன் வழியாக அவன் சம்பளத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இது புதிதும் இல்லை.

நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப் இன்னும் இருக்கிறது. துரைமார் குடிக்க, சாப்பிட, பில்லியர்ட்ஸ் விளையாட வந்த இடம். 1967 வரை இலங்கையர் யாரும் அங்கே உறுப்பினராக முடியவில்லை. பெண்களுக்கு ஒரு காலத்தில் தனி வாசல். ஆண்களுக்கு மட்டுமென்று ஒரு பார். இராச் சாப்பாட்டுக்கு கோட்டும் டையும் கட்டாயம். இந்த மலைநாட்டில் எழுதப்பட்ட முதல் 'ஆம்பளை வழிகாட்டி' அந்த கிளப் சட்டம்தான். துரையின் கோட்டைத் தோய்த்து, சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டு, கிளாஸை நீட்டியது நம் பாட்டன்மார். பங்களா அப்புவுக்கு அந்த மேசையில் என்ன இருக்கிறது என்று தெரியும். உட்காரத்தான் நாற்காலி இல்லை. இப்போதும் அப்படித்தான். வித்தியாசம் ஒன்றுதான். அன்று உள்ளே வராதே என்றார்கள். இன்று கடன் வாங்கிக்கொண்டு வா என்கிறார்கள்.

இனி பார் விஷயம்.

சாராயத்தில் வரும் வருமானம் வெள்ளைக்காரன் காலத்திலேயே அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். அன்று தவறணைக் குத்தகை, இன்று மதுவரி. பெயர் மாறியது, பை மாறவில்லை. 2024இல் மட்டும் நாடு முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்ட பட்டியல், அந்த வருட டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நம் மலைகளில் நூலகம் இல்லாத சந்தியும் உண்டு, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையும் உண்டு. ஆனால் ஓட்டோ பிடித்தால் எட்டக்கூடிய தூரத்தில் சாராயக்கடை இல்லாத தோட்டத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்.

முத்திரை ஒட்டிய ஒரு முழுப் போத்தல் இரண்டு நாள் பேரை விழுங்கிவிடும். விலை ஏற ஏற குடி குறையும் என்று கொழும்பில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். இங்கே விலை ஏறினால் ஆற்றோரத்தில் கசிப்பு ஏறுகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த நாட்டில் பெண்ணுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979ஆம் ஆண்டு ஒழுங்குவிதி சொன்னது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பிப் போட்டார். பெண்ணும் குடிக்கட்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் அதன் அர்த்தம் என்ன? ஆண்தான் வாடிக்கையாளன் என்று சட்டமே எழுதி வைத்தது. கொழுந்து பறிப்பதில் பெரும்பகுதி பெண்கள். சம்பள நாளில் மனைவியின் சம்பளத்தையும் கணவன் போய் வாங்கும் வழக்கம் நம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. இப்போது சம்பளம் வங்கிக்குப் போகிறது, கார்டு பல வீடுகளில் ஆண் கையில் இருக்கிறது. உழைப்பது அவள், கவுண்டரில் நிற்பது அவன். இதில் ஆம்பளைத்தனம் எங்கே இருக்கிறது?

"சேர், நீங்கள் முஸ்லிம். உங்களுக்கு ஹராம், அதனால் சொல்கிறீர்கள்" என்று கேட்பீர்கள். எங்களுக்கு ஹராம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்ல ஜும்ஆ மேடை இருக்கிறது, பயான் இருக்கிறது. இங்கே பேசுவது வீட்டுக் கணக்கை. அந்தக் கணக்கு கோயிலுக்கும் பள்ளிக்கும் சேர்ச்சுக்கும் பன்சலைக்கும் ஒன்றுதான். குடிக்காத வீட்டிலும் போன் தவணையும் சப்பாத்துத் தவணையும் ஓடுகின்றன. எங்கள் முஸ்லிம் பையன்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை.

"அப்படியென்றால் ஏழைப் பையன் நல்ல சட்டை போடக் கூடாதா? பணக்காரன் மட்டும்தான் அனுபவிக்கணுமா?" என்றும் கேட்பீர்கள். நல்ல கேள்வி. தாராளமாகப் போடட்டும். கடலைப் பார்க்கட்டும், ஐஸ்கிரீம் சாப்பிடட்டும், படம் பார்க்கட்டும். லயத்தில் பிறந்தவன் சாரத்தோடு கிடக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எங்களுக்கு எந்த உடன்பாடும் இல்லை. எங்கள் சண்டை சட்டையோடு இல்லை. உழைத்து மிஞ்சிய காசில் வாங்குவது சந்தோஷம். இன்னும் உழைக்காத மாதத்தின் காசில் வாங்குவது அடிமைத்தனம்.

அடிமைத்தனம் என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. நம் பாட்டன்மாருக்கு 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனை அடைக்கும் தோட்டத்துக்குத்தான் அவன் போகலாம். மனிதனோடு கடனும் கைமாறியது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து, பெயரை மட்டும் நிரப்பி மீதியை வெறுமையாக விட்ட தவணைப் படிவத்தில் நம் பையன்களே கையெழுத்துப் போடுகிறார்கள். தவணை கட்ட வேண்டும் என்பதால் மோசமான முதலாளியை விட்டு வர முடியாமல் கிடக்கிறார்கள். இது துண்டு இல்லாமல் வேறு என்ன?

கோ. நடேசய்யர், வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார் என்பது நம் மக்கள் சொல்லும் வரலாறு. 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர் அவர். புடவை விற்பவர் போல வந்து உரிமையைச் சொல்லிவிட்டுப் போனார். இன்று போனுக்குள் வருபவர்கள் வாழச் சொல்லித் தருபவர்கள் போல வந்து சப்பாத்து விற்றுவிட்டுப் போகிறார்கள்.

சரி, வழிகாட்டி வேண்டும்தானே? நாங்களும் ஒன்று தருகிறோம். திம்புள்ளயில் இருந்து கொழும்புக்குப் போகும் ஆம்பளைக்கு:

1. வயது. 16 வரை பாடசாலை கட்டாயம். 16க்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். சாதாரண தரம் எழுதாமல் பஸ் ஏறாதே தம்பி. கொழும்பு எங்கும் ஓடிவிடாது.

2. வேலை. கடையில் வேலை என்றால் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் உனக்குப் பொருந்தும். நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் என்றால் ஒன்றரை மடங்கு. வாரத்துக்கு ஒன்றரை நாள் லீவு. நியமனக் கடிதம் கேள். சேமலாப நிதி இலக்கம் கேள். 2025 ஏப்ரலில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக ஆனது. "தங்க இடமும் சாப்பாடும் தருகிறோம்தானே" என்பது சம்பளம் ஆகாது.

3. கடை. சட்டை துணிக்கு புறக்கோட்டை குறுக்குத் தெருக்கள் போதும். மோலில் ஒன்று வாங்கும் காசுக்கு அங்கே வீட்டில் எல்லோருக்கும் எடுக்கலாம். முதல் சொன்ன விலையில் வாங்காதே. பில் இல்லாமல் போன் வாங்காதே. ஏமாற்றினால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் சொல்.

4. சாப்பாடு. பசிக்குச் சாப்பிடு, போட்டோவுக்குச் சாப்பிடாதே.

5. பார். 21 வயதுக்குக் குறைந்தவனுக்கு மதுவும் சிகரெட்டும் விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. அதே சட்டம் மது விளம்பரத்தையும் தடுக்கிறது. ஒருவன் காசு வாங்கிக்கொண்டு பாரைக் காட்டினால் அது விளம்பரம் இல்லையா?

6. சாமான். வீடியோவில் மலை ஏறாதவனுக்கு மலை ஏறும் பூட்ஸ் காட்டுகிறார்கள். இங்கே மலையில் மருந்து அடிக்கும் நம் வாப்பாமாருக்கும் அப்பாமாருக்கும் நல்ல கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை. ஆம்பளைக்கு முதலில் வேண்டிய சாமான் அதுதான். அதைக் கேட்டுச் சங்கத்தில் சண்டை போடு, கூட நாங்கள் வருகிறோம்.

7. கடன். வெறும் படிவத்தில் கையெழுத்துப் போடாதே. மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டி வரும் என்று கூட்டிப் பார். கூட்டத் தெரியாவிட்டால் எந்த ஆசிரியர் வீட்டுக் கதவையும் தட்டு.

கடைசியாக நம் பெரியவர்களுக்குச் சில வார்த்தை.

நகரத்தில் கடை வைத்திருக்கும் நானாமாரே, முதலாளிமாரே, 15 வயதுப் பையனுக்குக் கடனில் சப்பாத்து கொடுத்துவிட்டு அவன் தாயிடம் போய் காசு கேட்பது வியாபாரம் இல்லை. தலைவர்மாரே, கூலி பேச்சுவார்த்தையில் காட்டும் சத்தத்தில் கொஞ்சத்தை சாராயக்கடை அனுமதியிலும் காட்டுங்கள். தேர்தல் வந்தால் போத்தல் வரும் என்று சனம் சொல்கிறதே, அந்தப் பேச்சைப் பொய்யாக்குங்கள். கோயில், பள்ளி, சேர்ச் நிர்வாகத்தினரே, திருவிழாவுக்குப் பந்தல் போடுவது போல மாதத்துக்கு ஒரு நாள் இந்தப் பிள்ளைகளுக்குத் தொழில் சட்டம் சொல்லிக்கொடுக்க ஒரு பந்தல் போடுங்கள். பேச நாங்கள் வருகிறோம், காசு வேண்டாம்.

தாய்மாரே, உங்கள் வங்கி கார்டு உங்கள் பையில் இருக்கட்டும்.

தம்பிமாரே, கொழும்புக்குப் போங்கள். நிமிர்ந்து போங்கள். ஆனால் நீங்கள் யார் என்று அங்கே இருக்கும் கண்ணாடி ஷோகேஸிடம் போய்க் கேட்க வேண்டாம். இந்த நாட்டுக்கு டொலர் கொண்டு வந்த மலையின் பிள்ளைகள் நீங்கள். உங்களுக்கு மதிப்புப் போட எந்த மணிக்கூடும் தேவையில்லை.

சரியென்று பட்டால் பகிருங்கள். முக்கியமாக, கொழும்பில் வேலை செய்யும் உங்கள் வீட்டுப் பையனுக்கு அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.